தீவகத்தின் மடிக்கத்திகள்

ஐரோப்பாவில் இறகுப் பேனா வழக்கிலிருந்த காலத்தில், மழுங்கும் முனையை அடிக்கடி சீவிக்கொள்ள வேண்டியிருந்தமையால், எழுதுவோர் சிறு கத்தியொன்றைக் கைவசம் வைத்திருந்தனர்; இன்று பேனாக்கத்தி எனக் கடைகளில் விற்கப்படும் மடக்குக்கத்தி அதன் வழிவந்ததாகும். பனையோலையில் எழுதிய தமிழருக்கும் எழுத்துக்கென்று ஒரு கத்தி தேவைப்பட்டது. ஆயினும் ஓலைக்கு அலகு மட்டும் போதாது. ஈர்க்கை நீக்கி ஓரத்தை வாருவதற்கு அலகும், எழுத்தைக் கீறுவதற்கு ஊசிபோன்ற முனையும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே இரும்பில் அமைந்த சிறு கருவியே பனை வளரும் நிலத்துக்கு இயல்பான கைக்கத்தி எனலாம். ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவு முதல் நெடுந்தீவு வரை, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே பரந்து கிடக்கும் தீவகத்தில், ஆறும் இல்லாது மண்ணும் ஆழமில்லாது பனையே பெருமரமாக நிற்பதால், அங்குள்ளோர் மடியில் செருகிய கத்திகளின் வரலாற்றைப் பனையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

எழுத்தாணிகளில் மூன்று வகைகள் பெயர்பெற்றவை. தலைப்பகுதி கனத்து உருண்டிருப்பது குண்டெழுத்தாணி. ஒரு நுனியில் எழுதும் முனையும் மறு நுனியில் ஓலை வாரும் கத்தியும் உடையது வாரெழுத்தாணி. பிடிக்குள் மடங்கும்படி செய்யப்பட்டது மடக்கெழுத்தாணி. சட்டைப்பை இல்லாத உடையில், வேட்டி மடிப்பில் கூர்முனையைச் செருகி நடப்பவர் தம் வயிற்றையே குத்திக்கொள்ள நேருமாதலால், மடக்கும் அமைப்பு அழகுக்காக அன்றித் தேவைக்காகத் தோன்றியது என்பது வெளிப்படை. பித்தளையாலோ கொம்பாலோ தந்தத்தாலோ ஆன பிடியில் நீளவாட்டில் பள்ளம் வெட்டி, ஒரு புறத்தில் எழுத்தாணியையும் எதிர்ப்புறத்தில் கத்தியையும் ஆணியில் பொருத்தி, இரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் மடித்தால் விரலளவுப் பொருளொன்றே கையில் எஞ்சும். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் பல கருவிகளை ஒரு பிடிக்குள் அடக்கிய தமது கத்தி வடிவத்தை 1897இல் பதிவுசெய்தார் என்பதை நினைக்கும்போது, கணக்கப்பிள்ளைமாரும் வைத்தியரும் புலவரும் அதற்கு முன்பே வைத்திருந்த இச்சிறு கருவிக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

காகிதமும் அச்சும் பரவிய 19ஆம் நூற்றாண்டில் எழுத்தாணியின் வேலை படிப்படியாகக் குறைந்தது. எனினும் அலகும் முனையும் சேர்ந்த அதே அமைப்பு, பெண்களின் கையில் வேறொரு பெயரோடு தொடர்ந்து வாழ்ந்தது. அதுவே சத்தகம். பெட்டி, கடகம், பாய், சுளகு முதலியவற்றை ஓலையால் இழைப்போர் பயன்படுத்தும் இச்சிறு கத்தியின் ஒரு பக்கம் அலகாகவும், மறுபக்கம் கூரிய குத்தூசியாகவும் இருக்கும். சார்வோலையை, அதாவது குருத்துக்கு அடுத்து விரிந்த இளம் ஓலையை, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கைச் சத்தகத்தின் அலகால் கிழித்து நீக்கி, ஒரே அகலமுள்ள வார்களாக வகிர்ந்துகொள்வர்; இழைப்பு இறுகிய பின் வாரின் நுனியை உட்செலுத்த இடமில்லாதபோது, கத்தியைக் கீழே வைக்காமலே கையைத் திருப்பி, குத்தூசி முனையால் இடைவெளியை நெம்பித் திறந்து வாரை நுழைப்பர். தேர்ந்த கையில் இந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நிகழும். வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகிக்கொள்ளும் கொட்டப்பெட்டியும் இக்கத்தியால் பிறந்ததே.

மரத்தின் உச்சிக்குச் செல்லும் கத்தி வேறு. கள்ளும் கருப்பநீரும் எடுக்கும் சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி மடங்குவதில்லை; இடுப்பில் கட்டிய கத்திக்கூட்டில் அது மரமேறுகிறது. காலையிலும் மாலையிலும் பாளையின் நுனியில் மெல்லிய தகடளவு மட்டுமே சீவ வேண்டும். அலகு சற்றே மழுங்கினாலும் நார் நசுங்கி, சாறு வடிவது குறைந்துவிடும். ஆகவே நாள்தோறும் தீட்டப்படும் அக்கத்தி அகலம் குன்றி, கடைசியில் கம்மாலைக்குத் திரும்புகிறது. கம்மாலை என்பது கொல்லனின் உலைக்களம். அங்கே தேய்ந்த இரும்பு மீண்டும் காய்ச்சி அடிக்கப்பட்டு, தோய்ச்சல் பெற்று, அதாவது செஞ்சூட்டில் நீரில் அமிழ்த்தி வலுவேற்றப்பட்டு, சிறியதொரு கருவியாக மாறிவிடும்.

இதனால் சேகரிப்பாளர் அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மை புலப்படுகிறது: நன்றாக உழைத்த கத்தி எஞ்சுவதில்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் குறைவாகப் பயன்பட்டவை. கண்டி அரசின் பட்டறைகளில் செய்யப்பட்ட பிஹகெத்த என்னும் கத்தி, வெள்ளியும் பித்தளையும் பதித்து, சிலவேளை உறைக்குள் எழுத்தாணிக்கும் இடம் வைத்து அமைக்கப்பட்டது; உயர் அதிகாரிகளின் இடுப்பில் பதவியின் அடையாளமாக இருந்தமையால் அது தேயவில்லை, இன்று உலகெங்கும் ஏலக்கூடங்களில் விலைபோகிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் இத்தகைய வேலைப்பாடுகளுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. பாக்குவெட்டிக்கும் அத்தகைய நற்பேறு வாய்த்தது. கணிதவியலாளர் சாமுவேல் ஐலன்பர்க் திரட்டிய பாக்குவெட்டிகள் தனி நூலொன்றுக்கே பொருளாயின. பாளைக்கத்தியையும் சத்தகத்தையும் அவ்வாறு தேடியவர் அரிது. ஒன்று ஒடுக்கப்பட்டோர் கைக்கருவி, மற்றொன்று பெண்களின் கைக்கருவி என்பதும் இதற்குக் காரணமாகலாம்.

ஆண்களின் மடியில் பிற்காலத்தில் இடம்பிடித்தது வில்லுக்கத்தி. பிடியின் முதுகிலுள்ள எஃகு வில் அலகை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும் இவ்வகை மடக்குக்கத்தி, புகையிலைக் காம்பு நறுக்கவும் மாங்காய் சீவவும் கயிறு அறுக்கவும் உதவிற்று. போர்க்காலத்தில் இரும்பு முனை எதையும் மடியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பது வீண்வம்பை விலைக்கு வாங்குவதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு இத்தகைய சிறுபொருள்களும் கைவிடப்பட்டன.

எஞ்சியிருப்பவற்றுக்குக் கடற்காற்றே பெரும்பகை. உப்பு ஈரம் கலந்த காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதால், அலகை உலர்த்தித் துடைத்து மெல்லியதாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும். தோலுறைக்குள்ளேயே விட்டுவைத்தல் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சித் துருவுக்கு வழிவிடும், பித்தளைப் பிடியில் பச்சைக் களிம்பும் படியச் செய்யும். மடக்கெழுத்தாணியின் ஆணிமூட்டு இறுகியிருந்தால் வலிந்து திறவாமல், ஒருதுளி எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுத்திருப்பது நன்று. பழைமையால் கறுத்த மேற்பரப்பை மணற்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் கொல்லனின் சுத்தியல் தடங்களையும் அழித்துவிடுகின்றனர்.

சத்தகத்தைத் தேடுவோர் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. பனையோலைக் கைவினை தொடரும் ஊர்களில் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் வாங்கும்போதே எந்த ஊரில், யார் கையில், எதை இழைக்கப் பயன்பட்டது, எந்தக் கம்மாலையில் அடிக்கப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரும்பைப் பார்த்து அவற்றைப் பின்னர் அறிந்துகொள்ள வழியில்லை.