செவிலியரின் கையில் கைபேசி

மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும் நமக்கு எரிச்சலூட்டும் காட்சி ஒன்று உண்டு. மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பணியாளர் கைபேசியைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருப்பார். 'நாம் வலியோடு நிற்கிறோம், இவருக்கு இணையத்தில் என்ன வேலை?' என்று மனம் கொதிக்கும். அந்தக் கோபம் நியாயமானதே. ஆயினும், அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதையும் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

இக்கதை நம் பகுதியிலேயே தொடங்குகிறது. அழகர்கோவிலை அடுத்த மேலூர் வட்டாரக் கிராமங்களில், 2001-ஆம் ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இணைந்து இணைய மையங்களைத் தொடங்கின. அங்கிருந்த கணினியின் கேமராவில் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவரின் ஆலோசனையைப் பெற முடிந்தது. அதே கணினியில்தான் மக்கள் வெளிநாட்டிலிருந்த தம் உறவினரோடும் பேசினார்கள். அம்மையங்களில் பல பின்னர் மூடப்பட்டன. ஆனால், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஒரே கருவி என்ற நிலை மட்டும் மாறவில்லை. அன்று ஊர்ப் பொதுவில் இருந்த அக்கருவி, இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

கிராம சுகாதார செவிலியரை எண்ணிப் பாருங்கள். சமவெளிப் பகுதியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. பகலில் வீடு வீடாகச் செல்லும் இவர், கர்ப்பிணிகளின் விவரங்களை 'பிக்மி' எனும் இணையதளத்தில் பதிய வேண்டும். மேலதிகாரிகளின் அறிவுறுத்தல்கள் வாட்ஸ்அப்பில் இரவிலும் வரும். இவ்வாறு பணி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அப்படியிருக்க, அதே கைபேசி வழியாக வீடு பணியிடத்திற்குள் நுழைவது வியப்பன்று.

காரணங்கள் இன்னும் உள்ளன. முதலாவது, குடும்பப் பொறுப்பு. இரவுப் பணியிலிருக்கும் தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்ததா என்று கேட்க அந்தச் சில நிமிடங்களைத் தவிர வேறு நேரமில்லை. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பவருக்கு வங்கி வேலைகூட இணையத்தில்தான் முடிகிறது.

இரண்டாவது, எதிர்காலம் பற்றிய கவலை. 2015-இல் ஒப்பந்த அடிப்படையில் அரசுப் பணியில் சேர்ந்த தமிழகச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமே கிடைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினார்கள். இத்தகைய நிலையில் இருப்பவர் வளைகுடாவிலோ பிரிட்டனிலோ வேலை தேடுவதைக் குற்றமென்று சொல்ல முடியுமா?

மூன்றாவது, மனப்பாரம். ஒரு படுக்கையில் மரணத்தைக் கண்டவர் அடுத்த படுக்கைக்கு அமைதியான முகத்தோடு செல்ல வேண்டியிருக்கிறது. இடையே ஒரு வேடிக்கைக் காணொளி அவருக்கு மூச்சுவிடும் இடமாகிறது. 2020-இல் கொரோனா பிரிவுகளில் பணியாற்றி, வீட்டுக்குச் செல்லாமல் தனித்திருந்தவர்களுக்குக் கைபேசித் திரையே குடும்பமாக இருந்தது.

இவற்றைப் புரிந்துகொள்வது என்பது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதாகாது. மருந்தின் அளவைக் கணக்கிடும் வேளையில் கவனம் ஒரு நொடி சிதறினாலும் தீங்கு நேரலாம். கழுவிய கையால் கைபேசியைத் தொட்டுவிட்டு, அதே கையால் நோயாளியைத் தொட்டால் கிருமியும் உடன் செல்லும். நோயாளியின் படத்தையோ அறிக்கையையோ நண்பர்களின் குழுவில் பகிர்வது, நம்மை நம்பி வந்தவருக்குச் செய்யும் துரோகம்.

எனவே, வெறும் தடை உத்தரவு போதாது. ஓய்வுக்கென்று நேரமும் ஓர் அறையும் நிர்வாகம் தர வேண்டும். அலுவல் பதிவுகளுக்குத் தனிக் கருவி தர வேண்டும். பணி முடிந்தபின் வரும் அலுவல் செய்திகளுக்கும் வரம்பு வேண்டும். பணியாளர்களும் ஒரு கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்: 'எதிரே நிற்கும் நோயாளி என் தாயாக இருந்தால், இப்போது இதைப் பார்த்துக்கொண்டிருப்பேனா?'

வரிசையில் நிற்கும் நமக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்தச் செவிலியர் இன்று எத்தனை மணிக்குப் பணியைத் தொடங்கினார், சாப்பிட்டாரா என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?