டிரைவர் சிடியும் டிரைவர் கேட்டலாக்கும்

2000-களின் தொடக்கத்தில் சர்வீஸ் என்ஜினீயர் ஒருவரின் பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் போகலாம், சிடி பவுச் இல்லாமல் போகாது. அதில் விண்டோஸ் சிடி ஒன்றிரண்டுதான் இருக்கும். மற்றதெல்லாம் டிரைவர் சிடி. மதர்போர்டோடு வந்தது, மோடத்தோடு வந்தது, எதோடு வந்தது என்றே தெரியாமல் மார்க்கரால் '845 சவுண்ட்' என்று எழுதி வைத்தது. ஓ.எஸ். ஏற்றுவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அது தன்பாட்டுக்கு ஓடி முடியும். கவலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் ஆச்சரியக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் தேடிப் போட வேண்டும். லேன் டிரைவர் இல்லாவிட்டால் நெட் வராது. நெட் வராவிட்டால் லேன் டிரைவரை இறக்க முடியாது. பக்கத்து மேசை சிஸ்டத்தில் இறக்கி, பிளாப்பியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால், உள்ளே என்ன கார்டு இருக்கிறதென்று கேபினெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கழற்றாமலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெயர் தெரியாத அந்தப் பாகத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் ஹார்டுவேர் ஐடி தெரியும். நீளமான வரி. அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: தயாரித்தவர் யார் என்று சொல்லும் வெண்டர் எண், எந்தப் பாகம் என்று சொல்லும் டிவைஸ் எண். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல். 1978-ல் வந்த தன்னுடைய சிப்பின் எண்ணையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டது. 1002 என்றால் ஏடிஐ, பிற்பாடு ஏஎம்டி வாங்கிய நிறுவனம். டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தால் அதே எண் அங்கேயும் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் விண்டோஸ் அந்த டிரைவரை ஏற்கும். இன்றைக்கு ஆயிரம் லேப்டாப்புகளுக்கு யாரும் தொடாமல் டிரைவர் ஏறுகிறது என்றாலும், அடியில் நடப்பது இந்த எண் பொருத்தம்தான்.

ஒரு சிஸ்டத்துக்கே இந்தப் பாடு. நூறு, இருநூறு சிஸ்டம் வைத்திருந்த கம்பெனிகளும் கல்லூரி லேப்களும் 'கோஸ்ட் போட' ஆரம்பித்தன. நியூசிலாந்தில் பைனரி ரிசர்ச் என்ற நிறுவனம் உருவாக்கி, 1998-ல் சிமான்டெக் வாங்கிய மென்பொருள் அது. ஒரு சிஸ்டத்தில் விண்டோஸ், ஆபீஸ், ஆன்டிவைரஸ், டிரைவர் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றி, அந்த டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாகப் படியெடுத்து, மற்ற எல்லாவற்றிலும் இறக்கிவிடலாம். இமேஜ் என்று எல்லோரும் சொல்வது அந்தப் படியைத்தான். பெரிய வரப்பிரசாதம் என்றே அன்று நினைத்தோம். ஆனால் அந்தப் படிக்குள் ஓ.எஸ்.ஸும் டிரைவரும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடந்தன. அடுத்த ஆண்டு வேறு மாடல் வாங்கினால் வேறு இமேஜ் எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டால், எத்தனை மாடல் இருக்கிறதோ அத்தனை இமேஜையும் திறந்து மூட வேண்டும். மாடல்கள் பெருகப் பெருக அந்த வேலை ஒருநாளும் முடியாது என்பது தெரிந்துபோனது.

சாட்டா டிஸ்க் வந்தபோது தொல்லை இன்னும் முற்றியது. 2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதன் ஏஹெச்சிஐ முறை தெரியாது. இன்ஸ்டால் தொடங்கியதும் கீழே ஒரு வரி வந்து சில வினாடிகளில் மறையும். அதற்குள் எஃப்6 அழுத்தி, டிரைவர் உள்ள பிளாப்பியைச் செருக வேண்டும். அந்நேரம் லேப்டாப்புகளில் பிளாப்பி டிரைவ் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். கோஸ்ட் இமேஜை இறக்கிப் பார்த்தால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை நிற்கும்: பூட் ஆக வேண்டிய டிஸ்க் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். பயாஸில் போய் டிஸ்க்கை ஐடிஇ முறைக்கு மாற்றி ஒப்பேற்றியவர்கள் ஏராளம்.

திருப்பம் விஸ்டாவோடு வந்தது. 2007-ல் கடைக்கு வந்த அந்த விண்டோஸைப் பயனர்கள் வெறுத்தார்கள். இமேஜ் ஏற்றும் எங்களைப் போன்றவர்கள் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். விம் என்ற ஃபைல் முறையை அது கொண்டுவந்தது. டிஸ்க்கைத் துணுக்குத் துணுக்காகப் படியெடுக்காமல், ஃபைல்களாக அடுக்கி வைக்கும் முறை. எந்த ஹார்டுவேருக்கும் ஒரே இமேஜ் போதும். டிரைவரைத் தனியே வைத்துக்கொண்டு, ஏற்றும் நேரத்தில் உள்ளே சேர்த்தால் சரி. விண்டோஸ் 7-ஓடு 2009-ல் வந்த டிஸ்ம் என்ற கட்டளைக்கு ஒரு ஃபோல்டரைக் காட்டினால் போதும், அதிலுள்ள ஐஎன்எஃப் ஃபைல்களையெல்லாம் துழாவி எடுத்துப் புது விண்டோஸின் டிரைவர் கிடங்கில் போட்டுவிடும். இமேஜ் ஒன்று, டிரைவர் வேறு என்று பிரித்ததுதான் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்பேன். பின்னால் வந்த எல்லாமே அதன் விளைவு.

ஆனால் டிரைவரைத் தேடி இறக்குவது மட்டும் மனிதன் தலையிலேயே இருந்தது. டெல், ஹெச்பி, லெனோவா தளங்களுக்குப் போய், மாடல் பெயர் கொடுத்து, ஒவ்வொன்றாக இறக்கி, இஎக்ஸ்இ-யை விரித்து, மாடல் பெயரில் ஃபோல்டர் போட்டு அடுக்குவோம். கம்பெனி சிஸ்டங்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்சிசிஎம் மென்பொருளில் அவற்றை இம்போர்ட் செய்யக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லா மாடல் டிரைவரையும் ஒரே குவியலாகக் கொட்டி, 'நீயே பொறுக்கிக்கொள்' என்று விட்டால், எண் பொருந்துகிறது என்பதற்காகப் பொருந்தாத பதிப்பை எடுத்து டச்பேடைக் கெடுக்கும். மாடல் வாரியாகப் பிரித்தவர்களே தப்பித்தார்கள்.

இன்று அந்த வேலையை ஸ்கிரிப்ட் செய்கிறது. தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு தொழில்முறை மாடலுக்கும் எல்லா டிரைவரையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, எந்த மாடலுக்கு எது, எந்த விண்டோஸுக்கு, எங்கே கிடைக்கும் என்று எக்ஸ்எம்எல் கேட்டலாக்காகவே வெளியிடுகிறார்கள். மாரிஸ் டேலி பவர்ஷெல்லில் எழுதி இலவசமாகக் கொடுத்த டிரைவர் ஆட்டோமேஷன் டூல் அந்தக் கேட்டலாக்குகளைப் படிக்கிறது. நம் கம்பெனியில் எந்தெந்த மாடல் ஓடுகிறது என்று எஸ்சிசிஎம்-மிடம் கேட்டு, அவற்றுக்கு மட்டும் தொகுப்பை இறக்கி, விரித்து, பேக்கேஜாகக் கட்டி, கிளை அலுவலகங்களின் சர்வர் வரை அனுப்பிவைக்கிறது. ஒரு தொகுப்பு ஒன்றிரண்டு ஜிபி வரும், உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள். அத்தனையையும் தனித்தனியே நெட்வொர்க்கில் அனுப்பினால் நத்தை வேகம். அதனால் தொகுப்பையே ஒரு விம் ஃபைலாகச் சுருட்டி அனுப்பும் பழக்கம் வந்தது.

லேப்டாப்பின் பக்கம் நடப்பதைப் பாருங்கள். எஃப்12 அழுத்தி நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்ததும் விண்டோஸ் பிஇ என்ற குட்டி விண்டோஸ் எழுந்திருக்கிறது. 'நீ யார்?' என்று ஸ்கிரிப்ட் மதர்போர்டைக் கேட்கிறது. டெல் என்றால் நான்கு இலக்க எஸ்கேயு எண், ஹெச்பி என்றால் போர்டின் எண் பதிலாக வரும். லெனோவாவில் மட்டும் கவனம் வேண்டும்: மேல்மூடியில் திங்க்பேட் டி480 என்று அச்சிட்டிருந்தாலும், மாடல் என்று கேட்டால் அது 20எல்5 அல்லது 20எல்6 என்றுதான் தொடங்கும். பெயரை வைத்துத் தேடினால் தொகுப்பு கிடைக்காது. முதல் நான்கு எழுத்துகளை வைத்துத் தேட வேண்டும். சரியான தொகுப்பு கிடைத்ததும் இறங்குகிறது, டிஸ்ம் அதை உள்ளே சேர்க்கிறது, விண்டோஸ் முதல்முறை திறக்கும்போது மஞ்சள் குறி ஒன்றுகூட இருப்பதில்லை.

இருந்தும் பழைய வித்தையை மறக்கக் கூடாது என்று வலியுறுத்துவேன். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை சிப்புகள் வந்தபோது பல புது லேப்டாப்புகளில் விண்டோஸ் இன்ஸ்டாலுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. விஎம்டி என்ற புது ஏற்பாட்டுக்குப் பின்னால் டிஸ்க் இருந்தது. அதற்கான டிரைவர் பூட் இமேஜில் இல்லை. எக்ஸ்பி காலத்து எஃப்6 நோய்தான், வேறு பெயரில். தொகுப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உதவாது, ஏனென்றால் அந்தக் கட்டத்துக்கே வண்டி போய்ச் சேரவில்லை. ஹார்டுவேர் ஐடி பார்க்கத் தெரிந்தவர்கள் சீக்கிரம் பிடித்துவிட்டார்கள். புதுத் தொகுப்பு வந்ததும் ஒரு மாடலுக்கு ஒரு சிஸ்டத்திலாவது ஏற்றி, கேமரா, டாக், தூக்கத்திலிருந்து எழுவது எல்லாம் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். முந்தைய தொகுப்பை உடனே அழிக்கவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வசதியெல்லாம் லாட்டிடியூட், எலைட்புக், திங்க்பேட் போன்ற தொழில்முறை மாடல்களுக்குத்தான். வீட்டு உபயோக மாடல்களுக்குப் பெரும்பாலும் தொகுப்பும் கிடையாது, கேட்டலாக்கும் கிடையாது. அசெம்பிள் செய்த சிஸ்டத்துக்கோ கேட்கவே வேண்டாம். கலைக் கல்லூரி லேப்பும், சிறு ஆடிட்டர் அலுவலகமும், டைப்பிங் சென்டரும் வைத்திருப்பது அவற்றைத்தான். அங்கே இன்னும் ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து டிரைவர் போடுகிறார்கள். அவர்களுக்குப் பணம் செலவில்லாத ஒரு வழி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஃபார்மட் அடிப்பதற்கு முன், எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு சிஸ்டத்தில் டிஸ்ம் கட்டளையின் எக்ஸ்போர்ட்-டிரைவர் வசதியைக் கொடுத்தால், அதிலுள்ள டிரைவர்களை ஐஎன்எஃப் சகிதம் ஒரு ஃபோல்டரில் எடுத்து வைக்கும். மாடல் பெயரிட்டுப் பத்திரப்படுத்தினால் அடுத்த முறை அதையே இமேஜுக்குள் சேர்க்கலாம். விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்களை அது எடுக்காது, வெளியிலிருந்து போட்டவற்றை மட்டும்தான் எடுக்கும். நமக்கு வேண்டியதும் அவைதான்.