உக்குவளையில் விழும் நீரும் சூரியனின் கணக்கும்

மகாவலி கங்கையின் பிரவாகத்தில் ஒரு பகுதி, கண்டிக்கு அணித்தாயுள்ள பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, மலையின் வயிற்றினூடே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாகச் சென்று, மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையிற் கலக்கும் ஏற்பாடு, 1976ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. நிலையத்தினுட் புகுந்த நீர் அத்தனையும் குறைவின்றி வெளியே வருகிறது. அவ்வாறாயின், 40 மெகாவாற்றுக்கு அண்மித்த அந்த மின்சக்தி எதனைச் செலவிட்டுப் பிறந்தது?

நீரின் உயரத்தைச் செலவிட்டு என்று விடை சொல்லலாம். சரியான விடைதான், ஆனால் பாதி விடை. அந்த உயரத்துக்கு அதனை ஏற்றிவைத்தது எது என்று கேட்கும்போதே, வெப்பவியக்கவியலின் முதலாம் விதி நம் முன்னே வந்து நிற்கிறது.

இவ்விடத்தில் ஒரு சரித்திர விசேஷத்தைக் குறிப்பிட வேண்டும். 1824ஆம் ஆண்டில் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர், நீராவி யந்திரத்தை ஆராயப் புகுந்தபோது, விழும் நீரையே உவமானமாகக் கொண்டார். உயரத்திலிருந்து பள்ளத்துக்கு விழும் நீர் தன் அளவிற் குன்றாமலே சில்லைச் சுற்றுவதுபோல, உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கும் உஷ்ணமும் தன் அளவிற் குன்றாமலே வேலை செய்கிறது என்பது அப்போது அவர் கொண்ட கருத்து. அழகிய உவமானம், ஆயினும் உஷ்ணத்தைப் பொறுத்தவரை பொய்த்துப் போயிற்று. வேலை உஷ்ணமாக மாறும் விகிதத்தை ஜூல் என்ற ஆங்கிலேயர் பொறுமையோடு அளந்து காட்டிய பின்னர், 1850இல் ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் கணக்கைத் திருத்தி எழுதினார். ஒரு பொருள் பல மாற்றங்களுக்கு உட்பட்டுத் தொடங்கிய நிலைக்கே திரும்பி வருமாயின் அதன் அகச்சக்தியில் ஏற்றமோ இறக்கமோ இராது. ஆகவே, அச்சுழற்சியில் அது பெற்ற உஷ்ணத்திலிருந்து வெளிவிட்ட உஷ்ணத்தைக் கழித்தால் எஞ்சுவது எதுவோ, அதுவே அது செய்த வேலை. இடைவழியில் நிகழ்ந்த மாற்றங்கள் எத்துணைச் சிக்கலாயினும் இந்த முடிவு மாறாது என்பதே இவ்விதியின் மகத்துவம்.

இனி நீரின் பயணத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீர், இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பில் சூரிய வெப்பத்தால் ஆவியானது. ஒரு கிலோகிராம் நீர் அவ்வாறு ஆவியாவதற்கு ஏறக்குறைய 24½ இலட்சம் யூல் உஷ்ணம் தேவை. அந்த ஆவி, மத்திய மலைநாட்டின்மீது மேலெழுந்து ஒடுங்கி முகிலாகும்போது, அம்மறைவெப்பத்தை ஆகாயத்தில் விட்டுவிடுகிறது. அதுவும் ஈற்றில் கதிர்வீச்சாக அண்டவெளிக்குப் போய்ச் சேர்கிறது. உக்குவளையிலோ, ஏறக்குறைய 75 மீற்றர் வீழ்ச்சியில் அதே ஒரு கிலோகிராம் நீர் தரவல்ல வேலை 735 யூல் மாத்திரமே. நீரையும் அதனைச் சுமக்கும் காற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் கொண்டால், வாங்கிய பெருந்தொகைக்கும் திருப்பிக் கொடுத்த பெருந்தொகைக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசத்திலிருந்தே அந்த 735 யூலும் வருகிறது; ஆவியாக்கச் செலவான உஷ்ணத்தில் அது 3,000இல் ஒரு பங்குகூட இல்லை. அந்நீர் சுழலியைத் தொடாது பாறைகளில் மோதி இறங்கியிருந்தாலும் சக்தி அழிந்திராது. நீர் ஒரு பாகை செல்சியசில் ஆறிலொரு பங்களவு சூடேறியிருக்கும், அவ்வளவே.

உக்குவளையைக் கடந்த நீர் போவதென்னவை அடைந்து, ஒரு பகுதி வடக்கே கலாவாவியை நோக்கித் திரும்ப, எஞ்சியது அம்பன் கங்கையாக மொரகஹகந்தவைத் தாண்டி மீண்டும் மகாவலியோடு சேர்ந்து கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகிறது. பொல்கொல்லையில் திருப்பப்படும் நீர், கீழேயுள்ள 210 மெகாவாற்று விக்டோரியா நிலையத்துக்குக் கிடையாமற் போகிறதே என்ற நியாயமான கவலை உண்டு. எனினும், உலர்வலயத்து வயல்களுக்கு அந்நீரை அனுப்புவதே முறை என்பது என் துணிபு. மின்சக்தியைப் பெறப் பிற உபாயங்கள் உண்டு, நெற்பயிருக்கு நீரைத் தவிர வேறு உபாயம் இல்லை.

உக்குவளையிற் பிறக்கும் மின்சாரத்தாலேயே நீரைப் பொல்கொல்லைக்கு இறைத்து, திரும்பத் திரும்ப விழச் செய்தால் என்ன என்று எண்ணுவோரும் உளர். அந்தச் சிறு சுழற்சியில் வெளியிலிருந்து உஷ்ணம் எதுவும் நுழையாதாகையால், தேறிய வேலை பூச்சியத்துக்கு மேல் எழாது. உராய்வில் இழப்பதைக் கழித்தால் நட்டமே மிஞ்சும். மகா ஓயாவில் 600 மெகாவாற்று அளவில் திட்டமிடப்பட்டுள்ள நீரேற்று மின்நிலையமும் சக்தியைப் புதிதாகப் பிறப்பிக்கப் போவதில்லை. பகலிற் சூரியத் தகடுகள் தரும் உபரி மின்சாரத்தைச் சேமித்து, தேவைப்படும் வேளையில் சற்றுக் குறைத்தே திருப்பித் தரும். அந்தக் குறைவையும் உட்படுத்தியே அதன் செலவைக் கணக்கிட வேண்டும்.