எஞ்சின் ஏன் நடுவானில் நிற்கிறது? கோளாற்றைத் தரையிலேயே கண்டுபிடிக்கலாம்

காப்பார், கம்போங் தோக் மூடா செம்பனைத் தோட்டத்தில் 2024 பிப்ரவரி 13-ஆம் தேதி சிறிய விமானம் ஒன்று விழுந்து இருவர் உயிரிழந்ததை இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இத்தாலியில் தயாரான இரண்டு இருக்கை விமானம். அந்த விபத்தின் காரணம் இங்கே பேசப்படவில்லை. ஆனால், சிறிய விமானம் தலைக்கு மேல் பறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

வெளிநாடுகளில் பலர் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கின்றனர். அவற்றில் எஞ்சின் நிற்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, எரிபொருள் ஒழுங்காகப் போய்ச் சேராததுதான். மோட்டார் சைக்கிள் நின்றால் ஓரமாகத் தள்ளிச் செல்லலாம். வானத்தில் ஓரம் இல்லை. ஆகவே தொட்டியில் தொடங்கி, எஞ்சின் வரை ஒவ்வொன்றாகத் தரையிலேயே சோதிக்க வேண்டும்.

முதலில் காற்றுத் துளை. பெட்ரோல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். துளையில் குளவி மண்கூடு கட்டினால் பெட்ரோல் இறங்காது. சற்று நேரம் ஓடி எஞ்சின் நிற்கும். மோட்டார் சைக்கிளிலும் தொட்டி மூடியின் துளை அடைத்தால் இதுவே நடக்கும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று இழுத்தால் கோளாறு அங்கேதான்.

அடுத்தது தண்ணீர். பாதி நிரம்பிய தொட்டியில் இரவில் ஈரம் படிந்து நீராகும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். அதனால்தான் விமானிகள் பறக்கும் முன் அடிக்குழாயைத் திறந்து, கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்துப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது சூடு. எஞ்சினுக்கு அருகில் செல்லும் குழாய் சூடேறினால் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் வழியை அடைக்கும். குழாய்க்கு வெப்பத் தடுப்பு உறை போடுவதும், தொட்டிப் பக்கத்தில் மின்பம்பு வைப்பதும் இதற்குத்தான்.

கடைசியாக ஓட்டச் சோதனை. கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, விமானத்தின் மூக்கை உயர்த்தி வைத்து, வரும் பெட்ரோலை அளக்க வேண்டும். பம்பு உள்ள விமானத்தில், மேலெழும்போது எஞ்சின் குடிப்பதைவிட 25 விழுக்காடு கூடுதலாக வரவேண்டும். 100 குதிரைத்திறன் ரோடெக்ஸ் 912 எஞ்சின் அப்போது மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். அப்படியானால் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 6 லிட்டர் வரவேண்டும். குறைந்தால் வடிகட்டியிலோ குழாயிலோ அடைப்பு இருக்கலாம்.

எல்லாம் சரியாக ஓடினாலும் அமைப்பு தவறாக இருக்கலாம். 1997 அக்டோபர் 12-ஆம் தேதி அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், பிறர் கட்டிய லாங் ஈ-இசட் விமானத்தில் பறந்து கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தார். தொட்டி மாற்றும் வால்வு வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு இடையே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதைத் திருப்ப உடலை வளைத்தபோது வலது கால் மிதியை அழுத்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு செய்தது. புறப்படும் முன் எரிபொருள் நிரப்ப வேண்டாம் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

மூடி, வால்வு, வடிகட்டி, கார்புரேட்டர். தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரம் மக்கர் செய்தாலும் இதே வரிசையில் பாருங்கள்.