உங்க சார்ட்டுக்கு நீங்களே ஒரு இண்டிகேட்டர்: சிபிஆர் போடுறது எப்படி, அதை நம்பலாமான்னு சோதிக்கிறது எப்படி



கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கம் இருக்குற நம்ம ஆட்கள் நிறைய பேர் இப்போ மொபைல்லயே சார்ட் பார்க்குறாங்க. நெய்வேலி என்எல்சி, நெல்லிக்குப்பத்துல சர்க்கரை ஆலை வச்சிருக்குற இஐடி பாரி மாதிரி நமக்குப் பக்கத்துல இருக்குற கம்பெனிகளோட பங்கு விலையைத்தான் பலரும் முதல்ல திறந்து பார்ப்பாங்க. அதுக்கு அடுத்து வர்ற கேள்வி ஒண்ணுதான்: "எந்த இண்டிகேட்டர் போடலாம்?"

இந்தக் கேள்வியை வச்சே ஒரு வியாபாரம் நடக்குது. டெலிகிராம்ல "90 சதவீதம் சரியா வரும்"னு சொல்லி ஒரு இண்டிகேட்டரை 5,000, 10,000 ரூபாய்க்கு விக்கிறாங்க. ஸ்கிரீன்ஷாட்ல பார்த்தா ஒவ்வொரு அடிமட்டத்துலயும் பச்சை அம்பு, ஒவ்வொரு உச்சத்துலயும் சிவப்பு அம்பு இருக்கும். காசு கொடுக்குறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை முழுசா படிச்சிடுங்க. ஒரு சின்ன இண்டிகேட்டரை நீங்களே செஞ்சு பார்த்துட்டா, அந்த அம்புகள் எப்படி அவ்வளவு அழகா வந்து உட்காருதுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

எதை எடுத்துக்கப் போறோம்?

சிபிஆர், அதாவது சென்ட்ரல் பிவட் ரேஞ்ச். நம்ம ஊர் இன்ட்ராடே டிரேடர்கள் நிறைய பயன்படுத்துறது. கணக்கும் ரொம்ப சுலபம். நேற்றைய ஹை, லோ, க்ளோஸ் மூணு எண் போதும்.

1. பிவட் = ஹை, லோ, க்ளோஸ் மூணையும் கூட்டி 3-ஆல் வகுக்கணும்.
2. பிசி (பாட்டம் சென்ட்ரல்) = ஹையையும் லோவையும் கூட்டி 2-ஆல் வகுக்கணும்.
3. டிசி (டாப் சென்ட்ரல்) = பிவட்டை 2-ஆல் பெருக்கி, அதிலிருந்து பிசியைக் கழிக்கணும்.

ஒரு உதாரணம். (எண்கள் கணக்குக்காக எடுத்தது, எந்தப் பங்கோட விலையும் இல்ல.) நேற்று ஹை 520, லோ 500, க்ளோஸ் 516. பிவட் 512. பிசி 510. டிசி 514. ஆக இன்னைக்கு சார்ட்ல 510, 512, 514-ல மூணு கோடு வரணும்.

இப்போ அதே ஹை, லோவோட க்ளோஸ் மட்டும் 504-னு வைங்க. பிவட் 508, பிசி 510, டிசி 506. பார்த்தீங்களா, "டாப்"னு பேர் வச்சது கீழ போயிடுச்சு! க்ளோஸ் பாதிக்குக் கீழ முடிஞ்சா இப்படித்தான் ஆகும். தப்பு ஒண்ணும் இல்ல. ரெண்டுல பெரியதை மேல் கோடாவும் சின்னதைக் கீழ் கோடாவும் எடுத்துக்கணும், அவ்வளவுதான். இதை இண்டிகேட்டர்லயும் சொல்லி வைக்கணும்.

டிரேடிங்வியூவுல எப்படிப் போடுறது?

கம்ப்யூட்டர்லயோ லேப்டாப்லயோ டிரேடிங்வியூ சார்ட்டைத் திறங்க. அதுலயே பைன் எடிட்டர்னு ஒரு பகுதி இருக்கும். பைன் ஸ்கிரிப்ட்ங்கிறது அவங்களோட சொந்த மொழி. 2024 நவம்பர்ல அதோட 6-வது வெர்ஷன் வந்துச்சு. கட்டளைகளை ஆங்கிலத்துலதான் அடிக்கணும். ஆனா முதல் சில எழுத்து அடிச்சாலே மீதியை எடிட்டரே காட்டும், பயப்பட வேண்டாம். நாம எழுத வேண்டியது அஞ்சே படிதான்:

படி 1: எந்த வெர்ஷன்னு முதல் வரியில் சொல்லணும். புதுசா ஒரு இண்டிகேட்டர் திறந்தாலே இந்த வரி தானா வந்துடும்.

படி 2: "இண்டிகேட்டர்" கட்டளையில பேர் கொடுக்கணும். அதுலயே "ஓவர்லே"ங்கிறதை "ட்ரூ"ன்னு மாத்தணும். இதை விட்டுட்டா கோடுகள் கேண்டில் மேல வராது, கீழ தனிக் கட்டத்துல போய் உட்காரும். "கோடே வரல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

படி 3: "ரிக்வெஸ்ட் டாட் செக்யூரிட்டி" கட்டளை. நீங்க 5 நிமிட சார்ட் பார்த்தாலும், தினசரி சார்ட்டிலிருந்து ஹை, லோ, க்ளோஸ் எடுத்துட்டு வர்றது இதோட வேலை. மொத்த விஷயமும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு. கீழ விரிவா சொல்றேன்.

படி 4: மேல பார்த்த மூணு கணக்கு. கூடவே பெரியது மேல, சின்னது கீழன்னு ஒரு வரி.

படி 5: "பிளாட்" கட்டளையில மூணு கோட்டையும் வரையணும். ஸ்டைலை "ஸ்டெப்லைன்"னு வச்சா ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவுல சாய்வா கோடு போகாது, படி மாதிரி சுத்தமா இருக்கும்.

சேவ் பண்ணி "ஆட் டு சார்ட்" கொடுத்தா வேலை முடிஞ்சது. ஒருதடவை சேவ் பண்ணிட்டா, அதே லாகின்ல மொபைல் ஆப்லயும் உங்க சொந்த இண்டிகேட்டர் பட்டியல்ல இருக்கும். இலவசத் திட்டத்துல ஒரு சார்ட்டுக்கு இத்தனை இண்டிகேட்டர்தான்னு வரம்பு இருக்கு. மூணு கோட்டையும் ஒரே ஸ்கிரிப்ட்ல வச்சா அது ஒரே இண்டிகேட்டராத்தான் கணக்கு.

எதிர்காலம் தெரிஞ்ச இண்டிகேட்டர்!

படி 3-க்கு வருவோம். அந்தக் கட்டளையில ரெண்டு விஷயம் சொல்லணும்: நேற்றைய கேண்டிலா இன்றைய கேண்டிலா, அப்புறம் "லுக்அஹெட்" ஆனா ஆஃபா.

ஹை, லோ, க்ளோஸ் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சதுர அடைப்புக்குறிக்குள்ள 1-னு போட்டா "ஒரு கேண்டில் பின்னாடி", அதாவது நேற்றையதுன்னு அர்த்தம். அதைப் போட்டு, லுக்அஹெட்டையும் ஆன் பண்ணினா, பழைய நாட்கள்லயும் சரி, இன்னைக்கு லைவ்லயும் சரி, நேற்றைய எண்தான் வரும். இதுதான் சரியான முறை.

அந்த 1-ஐ விட்டுட்டு லுக்அஹெட்டை மட்டும் ஆன் பண்ணினா? பழைய நாட்கள்ல, அன்னைக்குக் காலையில 9:15 கேண்டிலுக்கே அன்னைக்கு சாயந்திரம் 3:30-க்கு முடிஞ்ச ஹை, லோ, க்ளோஸ் தெரிஞ்சிடும். நாளைக்கு வர்ற பேப்பரை இன்னைக்கே படிச்ச மாதிரி. அதை வச்சு அம்பு போட்டா ஒவ்வொரு அம்பும் கச்சிதமா இருக்கும். ஆனா லைவ்ல இன்றைய ஹை, லோ மாறிக்கிட்டே இருக்குமே? அதனால கோடும் நகரும், அம்பும் தோணும், மறையும். இதைத்தான் ரீபெயிண்ட்னு சொல்றாங்க.

இன்னொரு வகையும் இருக்கு. 1 போட்டு, லுக்அஹெட்டை ஆஃப்லயே விட்டா, பழைய நாட்கள்ல நாள் முழுக்க முந்தாநாள் எண் வரும், லைவ்ல மட்டும் நேற்றைய எண் வரும். இதுல எதிர்காலம் கசியல. ஆனா நீங்க பின்னாடி போய் சோதிச்சது ஒண்ணு, லைவ்ல பார்க்குறது வேற ஒண்ணுன்னு ஆகிடும்.

அழகான ஸ்கிரீன்ஷாட் எல்லாமே ஏமாத்துன்னு நான் சொல்லல. தெரியாம ஒரு வரி விட்டுப்போனாலும் இதே அழகு வரும். அதனாலதான் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமா எடுத்துக்க முடியாது.

தட்டிப் பார்த்து வாங்கணும்

பண்ருட்டிப் பக்கம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காம யாராவது வாங்குவாங்களா? இண்டிகேட்டருக்கும் நாலு தட்டு இருக்கு. நீங்க செஞ்சது, வாங்கினது, இலவசமா எடுத்தது எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

முதல் தட்டு, பேனாவும் பேப்பரும். என்எஸ்இ தளத்துல தினமும் பவ்காப்பி வருது. அதுல ஒரு பங்கோட ஹை, லோ, க்ளோஸ் எடுத்து, கையால சிபிஆர் போட்டு, அடுத்த நாள் சார்ட்டோட ஒப்பிடுங்க. சில காசு வித்தியாசம் வந்தா முதல்ல க்ளோஸைப் பாருங்க. பல வருஷமா இருக்குற முறைப்படி, என்எஸ்இயோட க்ளோஸ்ங்கிறது கடைசி அரை மணி நேரத்தோட எடையிட்ட சராசரி. கடைசியா நடந்த டிரேடோட விலை வேற.

இரண்டாவது, லைவ்ல ஒரு சிக்னல் வந்ததும் நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க. சாயந்திரம் பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணி அதே கேண்டிலைப் பாருங்க. அம்பு இடம் மாறியிருந்தாலோ காணாமப் போயிருந்தாலோ, அந்த இண்டிகேட்டரை விட்டுடுங்க.

மூணாவது, அலர்ட். "ஒன்ஸ் பெர் பார் க்ளோஸ்"னு வைங்க. கேண்டில் முடியுறதுக்கு முன்னாடி வர்ற சிக்னல், முடியும்போது இல்லாமப் போகலாம்.

நாலாவது, டைம்ஃபிரேம். நம்ம சந்தை காலை 9:15-லிருந்து 3:30 வரை, மொத்தம் 375 நிமிஷம். 5 நிமிடம்னா 75 கேண்டில், 15 நிமிடம்னா 25 கேண்டில், மீதி வராது. 1 மணி நேர சார்ட்னா 6 முழு கேண்டில், கடைசியா 15 நிமிஷத்துக்கு ஒரு குட்டி கேண்டில். 20 கேண்டில் சராசரி போட்டா அந்தக் குட்டியும் முழு கேண்டிலாத்தான் எண்ணப்படும். நம்ம ஆட்கள் 75 நிமிட சார்ட் பார்க்குறதுக்குக் காரணம் இதுதான்: சரியா 5 கேண்டில்.

எல்லாம் சரியா இருந்தாலும்...

இண்டிகேட்டர் சரியா கணக்குப் போடுதுங்கிறது வேற, அதை வச்சு காசு வரும்ங்கிறது வேற. சிபிஆர் நேற்றைய மூணு எண்ணோட சுருக்கம். நேற்றைய விலையில இல்லாத எந்தத் தகவலும் அதுல கிடையாது.

செலவையும் பாருங்க. 1 லட்ச ரூபாய்க்கு இன்ட்ராடே வாங்கி விக்கிறீங்கன்னு வைங்க. விக்கும்போது எஸ்டிடி 0.025%, அதாவது 25 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ்னா ரெண்டு ஆர்டருக்கு 40. ஜிஎஸ்டி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எல்லாம் சேர்க்காமலே 65 ரூபாய். அம்பு வரும்போதெல்லாம் அடிச்சு ஒரு நாளைக்கு 10 டிரேட், மாசத்துக்கு 20 நாள்னா 13,000 ரூபாய். 1 லட்சத்துல 13% செலவுக்கே போச்சு. இதைத் தாண்டினாத்தான் லாபம்.

செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுல, 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ பண்ணின தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டப்பட்டாங்கன்னு சொல்லியிருக்கு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. அதுக்கு முன்னாடி ஜூலையில வந்த இன்னொரு ஆய்வுல, 2022-23-ல பங்குகள்ல இன்ட்ராடே பண்ணின தனிநபர்கள்ல 10-க்கு 7 பேர் நஷ்டம். இவங்க எல்லாருக்கும் இண்டிகேட்டர் கிடைக்காமலா இருந்துச்சு?

அதனால, முந்திரி வித்த காசையோ கரும்புக்கு வந்த காசையோ இதுல போடுறதுக்கு முன்னாடி, ரெண்டு மாசம் பேப்பர் டிரேடிங்ல பண்ணுங்க. டிரேடிங்வியூவுலயே அந்த வசதி இருக்கு. ஒவ்வொரு சிக்னலையும் ஒரு நோட்டுல எழுதுங்க: நேரம், விலை, செலவு போக மிச்சம். ரெண்டு மாசம் கழிச்சு கூட்டிப் பார்த்தா எந்தப் பக்கம் நிக்குதுன்னு அந்த நோட்டே சொல்லும். மைனஸ்ல நின்னா உங்க காசு பத்திரமா இருக்கு, சந்தோஷப்படுங்க.