குறைந்த செலவில் ஒருநாட் செலவு

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. பொருள்வயிற் பிரிய எண்ணிய தலைவன், தலைவியின் துயர் கண்டு பயணத்தைத் தவிர்ப்பதனைச் 'செலவழுங்குதல்' என அகத்திணை நூலார் துறைப்படுத்தினர். இன்று அச்சொல் பணம் கழிவதையே முதன்மையாகக் குறிக்கின்றது. இரு பொருளும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டதைச் சென்ற கல்வியாண்டில் கண்டேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்கு ஒருநாள் சென்று, சரசுவதி மகால் நூலகத்தைக் கண்டுவர எம் மாணவர்கள் விரும்பினர். வேன் வாடகையைப் பங்கிட்டு ஆளுக்கு 400 ரூபாய் என்று அறிவித்தோம். ஒரு மாணவி மட்டும் பெயர் கொடுக்கவில்லை, உடல்நலமில்லை என்றார். உண்மைக் காரணம் இரண்டு நாள் கழித்தே எமக்குப் புலனாயிற்று. செலவஞ்சிச் செலவழுங்கிய அவர்பொருட்டு வேனைக் கைவிட்டுத் தொடர்வண்டியை நாடினோம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இலும் திருச்சிக்கு 1862-இலும் வந்துசேர்ந்த பழம்பாதை அது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு.

முன்பதிவற்ற இரண்டாம் வகுப்பில் மூன்று விதமான கட்டணங்கள் உள்ளன என்பதைப் பலர் அறியார். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் சாதாரணப் பயணிகள் வண்டிக்குக் குறைந்த அளவுக் கட்டணம் 10 ரூபாய். விரைவு வண்டிக்கு 30 ரூபாய். அதிவிரைவு வண்டியாயின் விரைவுக் கட்டணத்தின்மேல் மேலும் 15 ரூபாய் மிகைக்கட்டணம். பெருந்தொற்றுக் காலத்தில் பயணிகள் வண்டிகளுக்கும் விரைவு வண்டிக் கட்டணமே விதிக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரியில் பழைய 10 ரூபாய் மீண்டது. 'தொடர்வண்டியில் முன்போல் மலிவில்லை' என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இதனை அறிதல் நலம். ஒரே ஊருக்கு, ஒரே பாதையில், சாதாரணக் கட்டணம் விரைவுக் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதியளவே. ஐம்பது கிலோமீட்டருக்குள் நேர வேறுபாடோ பெரிதன்று.

வண்டியை எண்ணாலேயே இனங்காணலாம். ஐந்திலக்க எண் 12, 20, 22 எனத் தொடங்கினால் அதிவிரைவு. 5, 6, 7 எனத் தொடங்குவன பெரும்பாலும் பயணிகள் வண்டிகளும் மின்தொடர், டீசல்தொடர் வண்டிகளுமாகும். ஆயினும் எண்ணை மட்டும் நம்பாது, சீட்டு வாங்கும்போது 'சாதாரணம்' என்று வாய்திறந்து கேட்டு, சீட்டில் அச்சிட்டுள்ள வண்டிவகையையும் படித்துவிட வேண்டும்.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எம் மாணவர் நால்வர் விடுதியிலிருந்து தனியே வந்தனர். கையில் சாதாரணச் சீட்டு. பயணிகள் வண்டி தாமதமாக, எதிரே வந்து நின்ற விரைவு வண்டியில் ஏறிவிட்டனர். பரிசோதகர் ஆளுக்கு 250 ரூபாய்த் தண்டமும் கட்டண வேறுபாடும் வாங்கினார். அவர்மீது குறையில்லை, சட்டம் அது. பிழை எம்முடையது, முன்னரே சொல்லித் தரவில்லை. சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் நால்வரிடமும் ஆயிரத்துக்கு மேல் இழந்தோம். அத்தொகையை ஆசிரியர்கள் பகிர்ந்து கொடுத்தோம். விரைவு வண்டிச் சீட்டு வைத்திருப்போர் அதிவிரைவில் செல்ல நேர்ந்தால், ஏறுமுன் மிகைக்கட்டணச் சீட்டைத் தனியே பெறலாம்.

நேரவரம்பும் உண்டு. 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவற்ற சீட்டு, வாங்கிய மூன்று மணி நேரம் வரை, அல்லது அவ்வூருக்கான முதல் வண்டி புறப்படும் வரை, எது பிந்தியதோ அதுவரை செல்லும். 2016 மார்ச்சு முதல் உள்ள விதி இது. ஆகவே காலையிலேயே மாலைக்கான சீட்டையும் வாங்கி வைப்பது வீண். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஆயின் மூன்று நாள் முன்னரே வாங்கலாம். இடையில் வண்டி மாறினாலும் சேருமிடம் வரை ஒரே சீட்டு வாங்குதலே பொதுவாக நன்று. தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டர் விலை குறையும், துண்டு துண்டாக வாங்கின் ஒவ்வொன்றுக்கும் குறைந்த அளவுக் கட்டணம் விழும்.

சலுகைகளைப் பற்றிச் சில சொற்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரைக்கட்டணம். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை (ஆடவர்க்கு 40 விழுக்காடு, மகளிர்க்கு 50) 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதனை நம்பிச் சாளரத்தின் முன் வாதிடும் முதியோரை இன்றும் காண்கிறேன்; மனம் வருந்துகிறது. மாணவர் கல்விச் சுற்றுலாவுக்கான சலுகை நிற்கவில்லை. முதல்வரின் கடிதத்தோடு இரயில்வே அலுவலகத்தை முன்கூட்டியே அணுக வேண்டும். புறப்படும் நாளன்று ஓடினால் கிட்டாது.

தஞ்சை நிலையத்திலிருந்து அரண்மனை வளாகம் நடந்து செல்லும் தொலைவே. வெயிலுக்கு அஞ்சுவோர் நகரப் பேருந்தில் ஏறலாம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை.

அன்று மாலை தஞ்சை நிலையத்தில் திரும்புவதற்கான சீட்டுகளை வாங்க வரிசையில் நின்றவர் அம்மாணவியே. சாளரத்தில் 'சாதாரணம்' என்று இருமுறை சொன்னார். சீட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பின்னரே எங்களிடம் கொடுத்தார்.