இஞ்சியும் இஞ்சி எண்ணெயும் ஒன்றல்ல



சென்ற மாதம் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் குளிர்காலத் தடிமன், இருமல் பற்றி நான் பேசியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பது பற்றிச் சொல்லிக்கொண்டு போனபோது, "வீட்டில் இஞ்சி இல்லாவிட்டால் கடையில் விற்கும் இஞ்சி எண்ணெயில் இரண்டு துளி விட்டாலும் சரி, எல்லாம் இஞ்சிதானே" என்று ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டேன். எழுதிக்கொண்டு வந்த தாளில் அது இருக்கவில்லை. பேச்சின் வேகத்தில் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நீங்கள் றேடியோவிலை சொன்னதைத்தான் நான் செய்தனான்" என்று தொடங்கினார். மூன்று வயதுப் பேரனுக்கு இருமல். வாசனைக்காக மகள் வாங்கி வைத்திருந்த சின்னப் போத்தலில் இருந்து இரண்டு துளியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டுக் கொடுத்திருக்கிறார். பிள்ளை ஒரு மிடறு குடித்ததும் வாய் எரிகிறது என்று கத்தியிருக்கிறது. மகள் ஓடிவந்து போத்தலைப் பார்த்துவிட்டு உடனே நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு அழைத்திருக்கிறார். வாயைக் கழுவிவிடும்படியும், வாந்தி எடுக்கப் பண்ண வேண்டாம் என்றும், மூச்சைக் கவனிக்கும்படியும் சொல்லியிருக்கிறார்கள். நல்லகாலம், மாலைக்குள் பிள்ளை வழமைபோல ஓடித் திரிந்தது. அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "இனி மற்றாக்களுக்கும் சொல்லிவிடுங்கோ" என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் கணக்காளன். யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று, ஏட்டில் விட்ட வழுவை அழித்துவிட்டு மேலே எழுதக்கூடாது, எல்லோரும் பார்க்கத் திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது. இந்தக் கட்டுரை அந்தத் திருத்தப் பதிவுதான். இஞ்சி எண்ணெய் என்றால் என்ன, அது எதற்குப் பயன்படுகிறது, எதற்குப் பயன்படாது என்று இந்த ஒரு மாதமாகப் படித்தறிந்ததை இங்கே தருகிறேன்.

எண்ணெய் எப்படி வருகிறது?

எள்ளைச் செக்கில் ஆட்டினால் நல்லெண்ணெய் வருவதுபோல இஞ்சியைப் பிழிந்து எண்ணெய் எடுப்பதில்லை. காய்ந்த இஞ்சியை, அதாவது வேர்க்கொம்பை, கரகரப்பாக இடித்துப் பெரிய கொள்கலனில் நிரப்பி, அதனூடாகப் பல மணி நேரம் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவியோடு சேர்ந்து பறக்கக்கூடிய வாசனைப் பொருட்கள் வெளியேறுகின்றன. அந்த ஆவியைக் குளிர்ந்த குழாயினூடாக விட்டால் தண்ணீரும் எண்ணெயுமாக ஒழுகும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, ஆகவே மேலே மிதக்கும். அதைப் பிரித்தெடுத்தால் இளமஞ்சள் நிறமான இஞ்சி வாசனை எண்ணெய் கிடைக்கும்.

இங்கேதான் நான் விட்ட பிழை இருக்கிறது. இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரோல் என்ற பொருள். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகோல் என்ற, இன்னும் கூடிய காரமுள்ள பொருளாக மாறுகிறது. பச்சை இஞ்சியைவிட வேர்க்கொம்பு சுள்ளென்று உறைப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் இவை இரண்டும் நீராவியோடு பறக்கமாட்டா, சக்கையிலேயே தங்கிவிடும். எண்ணெயில் வருவது சிஞ்சிபெரீன், சிட்ரால், கம்பீன் போன்ற வாசனைப் பொருட்கள் மட்டுமே. ஆகவே இஞ்சி எண்ணெயில் இஞ்சியின் மணம் உண்டு, இஞ்சியின் காரம் இல்லை. அம்மாமார் இஞ்சியிடம் எதிர்பார்க்கும் குணத்தில் பெரும்பகுதி அந்தப் போத்தலுக்குள் வரவேயில்லை.

அப்படியானால் பிள்ளையின் வாய் ஏன் எரிந்தது என்று கேட்பீர்கள். அது இஞ்சிக் காரம் அல்ல. செறிந்த வாசனை எண்ணெய் எதுவும் வாயின் மென்மையான தோலில் நேரே பட்டால் எரியும். அதோடு எண்ணெய் தண்ணீரில் கரையாது. கோப்பையின் மேலே மிதந்த இரண்டு துளியும் முதல் மிடறிலேயே பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டன.

ஒரு சின்னக் கணக்கு

காய்ந்த இஞ்சியில் எண்ணெய் 1.5 முதல் 3 வீதம் வரைதான் கிடைக்கும். 2 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 50 கிலோ வேர்க்கொம்பு தேவை. ஒரு கிலோ வேர்க்கொம்புக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சை இஞ்சி காயவேண்டும். ஆகவே ஒரு கிலோ எண்ணெய்க்குப் பின்னால் 250 கிலோ பச்சை இஞ்சி நிற்கிறது.

நாங்கள் வாங்கும் 10 மில்லிலீட்டர் போத்தலில் இருப்பது 9 கிராமுக்குச் சற்றுக் குறைவான எண்ணெய். அதற்கு 2 கிலோவுக்கு மேல் பச்சை இஞ்சி போயிருக்கிறது. ஒரு போத்தலில் ஏறத்தாழ 200 துளி என்றால், ஒரு துளி 11 கிராம் இஞ்சியின் மணத்துக்குச் சமன். ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு நாங்கள் தட்டிப் போடும் துண்டைவிட அது பெரியது. "இரண்டு துளிதானே" என்று நான் சொன்னபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

உணவுத் தொழிலில் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

பிஸ்கற், கேக், இனிப்பு, சோஸ், குளிர்பானம் ஆகியவற்றில் இஞ்சி எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பாதுகாப்பானவை என்று ஏற்ற உணவு வாசனைப் பொருட்களின் பட்டியலில் இஞ்சியும் இருக்கிறது. ஆனால் அது மிகச் சிறிய அளவுக்கான அனுமதி. ஒரு லீட்டர் பானத்துக்குத் தேவைப்படுவது மில்லிகிராம் கணக்கில்தான். ஒரு துளியே 44 மில்லிகிராம் அளவு வரும். தொழிற்சாலையில் அதைத் தராசில் நிறுத்து, மதுசாரத்திலோ வேறு ஊடகத்திலோ கரைத்து, பானம் முழுவதும் சமமாகப் பரவும்படி செய்த பின்பே சேர்க்கிறார்கள். அந்த வசதி எங்கள் குசினியில் இல்லை.

காரமும் வேண்டும் என்றால் எண்ணெய் உதவாது என்று பார்த்தோம். அதற்காக ஒலியோரெசின் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. நீராவிக்குப் பதிலாகக் கரைப்பான் ஒன்றினால் இஞ்சியின் சாரத்தை எடுத்து, பின்பு அந்தக் கரைப்பானை ஆவியாக்கி நீக்கிவிடுவார்கள். மிஞ்சும் கபில நிறக் கூழில் மணமும் காரமும் சேர்ந்தே இருக்கும். கேரளத்தில் 1972இல் தொடங்கப்பட்ட சிந்தைற் போன்ற நிறுவனங்கள் பலசரக்குகளில் இருந்து இவ்வாறான சாரங்களை எடுத்து உலகமெங்கும் விற்கின்றன. ஜிஞ்சர் ஏல் என்ற பானத்தில் உறைப்பைக் கூட்ட மிளகாய்ச் சாரம் சேர்க்கும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. கனடா ட்ரை என்ற ஜிஞ்சர் ஏலை 1904இல் உருவாக்கியவர் ரொறன்ரோவைச் சேர்ந்த ஜோன் மக்லொக்லின் என்ற மருந்தாளர். எங்கள் தலைமுறைக்கு இஞ்சிப் பானம் என்றால் எலிபன்ற் ஹவுஸ் ஜிஞ்சர் பியர்தான் நினைவுக்கு வரும். கலியாண வீட்டில் அந்தப் போத்தல் கிடைத்தால் அன்று திருவிழா.

வாசனைத் திரவியங்களில்

வாசனைத் திரவியத்தைப் பூசியவுடன் முதலில் மூக்கில் படுவதை மேல்வாசனை என்பார்கள். எலுமிச்சை, தோடை வகைகளோடு இஞ்சியும் அதற்குப் பயன்படுகிறது. மற்றவை விரைவில் பறந்துவிட, இஞ்சி எண்ணெயில் பாரமான கூறுகளும் இருப்பதால் அதன் மணம் சற்று நேரம் நிற்கும். ஹேர்மெஸ் நிறுவனத்துக்காக ஜோன் குளோட் எலெனா 2008இல் தயாரித்த ஒரு வாசனை, கேரளத்தின் மழைக்காலத்தைக் கருவாகக் கொண்டது. அதில் ஏலம், மிளகு, மல்லியோடு இஞ்சியும் இருக்கிறது.

மண்ணுக்கு மண் மணமும் மாறும். அவுஸ்திரேலிய இஞ்சியின் எண்ணெயில் சிட்ரால் கூடுதல், ஆகையால் எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கும். நைஜீரிய இஞ்சியில் கற்பூரச் சாயல் தெரியும். எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் புட்ரிம் ஊர் விவசாயிகள் 1941இல், யுத்தத்தால் சீன இஞ்சி வராதுபோன காலத்தில், கூட்டுறவாகச் சேர்ந்து இஞ்சித் தொழிலைத் தொடங்கினார்கள். பின்னாளில் தொழிற்சாலை யண்டினாவுக்கு மாறியது. விடுமுறையில் அந்தப் பக்கம் போகும் நேயர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று. சிட்ரால் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கொண்டுவந்த விதியில், பெயர் சொல்லி லேபலில் போடவேண்டும் என்று அப்போது குறிப்பிட்ட 26 வாசனைப் பொருட்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. ஆகவே எண்ணெயை நேரே தோலில் தேய்க்க வேண்டாம். பெரியவர்களின் கைகால் உளைவுக்குத் தேய்ப்பதென்றால் 30 மில்லிலீட்டர் நல்லெண்ணெய்க்கோ தேங்காயெண்ணெய்க்கோ 6 துளி, அதாவது ஒரு வீதம், போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள்.

வாங்கும்போது

"இஞ்சி எண்ணெய்" என்ற ஒரே பெயரில் மூன்று விதமான பொருட்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, மேலே சொன்ன வடித்தெடுத்த எண்ணெய். இரண்டாவது, நல்லெண்ணெயில் இஞ்சியைக் காய்ச்சி வடிக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய். மூன்றாவது, மெழுகுதிரிக்கும் சவர்க்காரத்துக்கும் போடும் செயற்கை வாசனை. லேபலில் இஞ்சியின் தாவரப் பெயரான சிஞ்சிபர் ஒபிசினாலே இருக்கிறதா என்று பாருங்கள். (அந்தப் பெயரின் வேரே எங்கள் "இஞ்சிவேர்" என்ற சொல்தான் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.) இரண்டு கிலோ இஞ்சியின் மணம் இருக்கவேண்டிய போத்தல் மிக மலிவாகக் கிடைத்தால், கணக்கு எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். ஒரு நாள் கழித்தும் வடை வைத்த கடதாசிபோல அகலமான எண்ணெய்க் கறை இருந்தால் சமையல் எண்ணெய் கலந்திருக்கக் கூடும்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு

நியூ சவுத் வேல்ஸ் நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு 2014 யூலை முதல் 2018 யூன் வரை வாசனை எண்ணெய்கள் சம்பந்தமாக 4,412 அழைப்புகள் வந்திருக்கின்றன. அவற்றில் அரைவாசிக்கு மேற்பட்டவை சிறுவர்களைப் பற்றியவை. கூடுதலாகச் சம்பந்தப்பட்டது யூக்கலிப்டஸ் எண்ணெய். இருமல் மருந்து என்று நினைத்துத் தவறான போத்தலை எடுத்தவர்களும் அதில் அடக்கம். எண்ணெய் புரைக்கேறிச் சுவாசப்பைக்குள் போவது பெரிய ஆபத்து. அதனால்தான் வாந்தி எடுக்கப் பண்ணக்கூடாது என்கிறார்கள்.

ஆகவே வாசனை எண்ணெய்ப் போத்தல்களை மருந்துப் போத்தல்களோடு வைக்க வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் அவுஸ்திரேலியாவில் எங்கிருந்தும், எந்நேரமும் 13 11 26 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ உடனே 000. ஆங்கிலம் தயக்கமான பெரியவர்கள் இந்த இரண்டு இலக்கங்களையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். பேரப்பிள்ளைகளைக் கொண்டு ஒருமுறை பேசிப் பழகியும் வையுங்கள். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் நாங்கள் இருந்தபோது, மருந்துக்கடை என்று ஒன்றும் இல்லை. அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்து வந்த வேர்க்கொம்பும் மல்லியும்தான் எங்கள் ஆறு பேருக்கும் மருந்து. அந்த நம்பிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி ஒரு கண்ணாடிப் போத்தலின்மேல் வைத்ததுதான் என் பிழை. தேத்தண்ணிக்கு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். மணத்துக்கு எண்ணெயை வைத்திருங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டாம்.

அந்த அம்மாவுக்கும், நிதானமாகத் தொலைபேசியை எடுத்த அவருடைய மகளுக்கும் என் நன்றி. இந்தப் பேச்சை வரும் ஞாயிறு காலையும் வாசிக்க இருக்கிறேன். வானொலி கேட்காத அயலவர்களுக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.